வாசகர் கேள்வி: ஃபோனோ ஸ்டேஜை மாற்றலாமா?

கேள்வி: என் டர்ன்டேபிளில் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜை (தட்டின் பள்ளத்தைப் படிக்கும் ஊசிப் பகுதி) பொருத்தி, ஆம்ப்ளிஃபயரிலேயே உள்ள மூவிங் மேக்னட் வகைக்கான ஃபோனோ உள்ளீட்டில் இணைத்திருக்கிறேன். ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றினால்தான் இசை போதுமான அளவில் கேட்கிறது. அப்போது பாடல்களுக்கு நடுவே 'உஸ்' என்ற இரைச்சலும் எழுகிறது. ஒன்றரை லட்சம் ரூபாயில் தனி ஃபோனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கித் தரும் கருவி) வாங்க எண்ணுகிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போதே வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை தரத்தால் வந்ததன்று, பொருத்தமின்மையால் வந்தது.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பயன்பாட்டுக்காக 1960களில் உருவான டிஎல்-103, காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகையைச் சேர்ந்தது. அதன் வெளியீடு ஏறத்தாழ 0.3 மில்லிவோல்ட்தான், மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்களோ பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தருகின்றன. உங்கள் உள்ளீடு அவற்றை மனத்தில் கொண்டு 40 டெசிபல் அளவுக்கு, அதாவது நூறு மடங்கு, பெருக்குவதாகவே இருக்கும். அதில் உங்கள் கார்ட்ரிட்ஜின் சமிக்ஞை 30 மில்லிவோல்ட்டைத்தான் எட்டும். மீதியை ஒலியளவுக் குமிழால் ஈடுகட்ட முயலும்போது இசையோடு சேர்ந்து மின்சுற்றின் இரைச்சலும் உயர்கிறது.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது 1:10 விகிதமுள்ள ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர், அதாவது கார்ட்ரிட்ஜுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சிறு பெட்டி. அது 0.3 மில்லிவோல்ட்டை 3 மில்லிவோல்ட்டாக்கிவிடும். தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் மிகக் குறைவு. அதோடு, உங்கள் உள்ளீட்டின் 47 கிலோ ஓம் மின்தடை, விகிதத்தின் வர்க்கமான நூறால் வகுபட்டு, கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தோன்றும். 40 ஓம் உள்மின்தடை கொண்ட டிஎல்-103க்கு அது நன்றாகவே பொருந்தும். 1:20 விகிதத்தை எடுத்தால் சத்தம் கூடும், ஆனால் சுமை, அதாவது கார்ட்ரிட்ஜுக்குத் தோன்றும் அந்த மின்தடை, 117 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். என் காதுக்கு அதில் மேல்சுரங்களின் காற்றோட்டம் சற்றுக் குறைந்தே கேட்கிறது.

அதன் பிறகும் மனம் நிறையாவிட்டால் தனி ஃபோனோ ஸ்டேஜைப் பற்றி யோசிக்கலாம். அப்போது விலையைப் பார்க்காமல், 60 டெசிபலுக்குக் குறையாத பெருக்கம், மாற்றியமைக்கக்கூடிய சுமை, இசைத்தட்டுகளுக்கான பொது ஒலிச்சமன் நியமமான ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் பின்பற்றும் துல்லியம் ஆகியவற்றைப் பாருங்கள். இசைத்தட்டை வெட்டும்போது பள்ளம் அகலமாக அலையாதிருக்கத் தாழ்சுரங்களைக் குறைத்தும், மேற்பரப்பு இரைச்சலுக்கு மேலே நிற்க மேல்சுரங்களை உயர்த்தியும் பதிகிறார்கள். அதைத் தலைகீழாக்கித் திருப்பித் தருவதே ஃபோனோ ஸ்டேஜின் தலையாய பணி. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் அளவுக்கு உயர்த்தியும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவுக்குத் தாழ்த்தியும் ஆக வேண்டிய இந்த வேலையில், அகன்ற பகுதியில் ஒரு டெசிபல் பிசகினாலும் வயலினின் நாதமே மாறிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரை வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. அது உள்வாங்கும் மின்சார இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு ஏறத்தாழ 17 டெசிபல் உயர்த்துவதால், டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் வைக்காதீர்கள். தட்டை ஓடவிடாமல் ஒலியளவை மெல்ல ஏற்றி, பெட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். ரீங்காரம் அடங்கும் கோணம் ஒன்று கிடைக்கும். அங்கேயே நிறுத்திவிட்டு, டோன்ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) எர்த் வயரை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் முனையிலும், அங்கிருந்து இன்னொரு வயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் இணையுங்கள்.