மாடி உங்களுடையது, கம்பி?

கேள்வி: சொந்த வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப்போகிறேன். “முதலில் மாட்டிவிடுவோம், பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார் விற்பவர். என் மாடிக்கு எதற்கு அனுமதி?

பதில்: மாடி உங்களுடையதுதான் ஐயா, தெருக் கம்பி உங்களுடையதல்லவே! தெரு இணைப்போடு சேர்க்காமல் தனியாக பேட்டரியில் ஓட்டினால், விவகாரம் பெரும்பாலும் கட்டட விதியோடு முடிந்துவிடும். சேர்க்கிறீர்கள் என்றால், மின்சாரம் வழங்குபவரிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவதுதான் முதல் வேலை.

லைன்மேன் தெருவில் கரண்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறுகிறார். அப்போது உங்கள் மாடி பேனல் தெருக் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் அவர் கதி என்ன? தெருவில் கரண்ட் போனதுமே தானாக நின்றுவிடும் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) வேண்டும் என்பது இதற்காகத்தான். விண்ணப்பத்தில் அதன் மாடலையும் தரச்சான்றையும் கேட்பதும் அதனால்தான். (பேட்டரி இல்லாவிட்டால், கரண்ட் போனதும் உச்சி வெயிலில்கூட உங்கள் வீட்டு ஃபேன் சுற்றாது. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.)

அடுத்தது மீட்டர். பழைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றுக்கு வருவதும் போவதும் ஒன்றுதான். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டையும் நீங்களே செலவழித்ததாக எண்ணிவிடும். பில் குறைவதற்குப் பதில் ஏறும். இருவழி மீட்டர் வரும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். மின்சாரம் வழங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: வெளியே போகும் யூனிட்டை வாங்கும் யூனிட்டுக்கு நேராகக் கழிக்கிறார்களா, குறைந்த விலை போடுகிறார்களா?

கட்டட அனுமதி சுலபம். கூரையை ஒட்டிப் படுத்திருக்கும் பேனலுக்குப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டாம். கீழே ஆள் நடமாடும் உயரத்துக்கு இரும்புக் கால் நட்டால், புதுக் கட்டுமானம் என்று அதிகாரிகள் சொல்லிவிடக்கூடும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

விற்பவரிடம், மீதிப் பணம் மீட்டர் மாட்டிய பிறகுதான் என்று சொல்லிப் பாருங்கள். பேப்பர் வேலை தானாக நடக்கும்.

கேள்வி: அடுக்ககத்தில் கடைசி மாடி எங்கள் வீடு. மேலே பேனல் போடலாமா? சங்கத் தலைவர் சரி என்றுவிட்டார்.

பதில்: பத்திரத்தில் மொட்டை மாடி உங்கள் பெயருக்கு எழுதப்படவில்லை என்றால், பெரும்பாலும் அது எல்லோருக்கும் பொது. தலைவர் மாறுவார், பேனல் 25 வருடம் இருக்கும். கூட்டத் தீர்மானத்தின் நகலை வாங்கி வையுங்கள். எத்தனை சதுர அடி என்பதோடு, நீர்க்கசிவைச் சரிசெய்யும்போது பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.