பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சியியலை எப்படி அறிமுகப்படுத்துவது?

ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, ஸ்லைடு தயாரிக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உயிருள்ள பூச்சியைக் கொண்டுபோங்கள், உணர்கொம்பு குட்டையான ஒரு வெட்டுக்கிளியும் கைலென்ஸும் போதும். கண்ணாடிக் குடுவையில் விட்டு, இதற்குக் காது எங்கே என்று கேளுங்கள். எல்லோரும் தலையில் தேடுவார்கள், ஆனால் அது வயிற்றின் முதல் கண்டத்தில் (வளையம் போன்ற பகுதியில்), இறக்கைக்கு அடியில், மெல்லிய சவ்வாக இருக்கிறது. சுவர்க்கோழிக்கோ முன்னங்காலில்! மூச்சும் மூக்கு வழியாக இல்லை, உடம்பின் இரு ஓரமும் வரிசையாக உள்ள சிறு துளைகள் வழியாகத்தான். வயிறு சுருங்கி விரிவதை லென்ஸில் ஒருமுறை பார்த்த பிள்ளை அதை லேசில் மறக்காது.

ஆறு கால், மூன்று பாகம், சிலந்தி பூச்சி இல்லை என்பதெல்லாம் அப்புறம் தானாக வந்துவிடும்.

சில வாரங்கள் கிடைத்தால் கம்பளிப்புழு வளர்க்கச் சொல்லுங்கள், இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். எந்தச் செடியில் எடுத்தார்களோ அதே செடியின் இலையைத்தான் தர வேண்டும், வேறு இலை தந்தால் பல புழுக்கள் பட்டினி கிடந்து சாகும். முடி உள்ளதைக் கையால் தொடக் கூடாது, அரிக்கும். தினமும் அளந்து, தோலுரிக்கும் நாளைக் குறிக்கட்டும். சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வெளியே வரும். தயவுசெய்து மறைக்காதீர்கள், அவற்றின் தாய்க் குளவி எப்போது உள்ளே முட்டையிட்டிருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

பயப்படும் பிள்ளையைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், தள்ளி நின்று படம் வரையட்டும்.