கடல் கடந்த ஓட்டு: கேள்வி பதில்

வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் சொந்த நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தேர்தல் சட்டங்களைப் படிப்பது என் பல வருடப் பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாட்டில் வரி கட்டாதவருக்கு ஓட்டு எதற்கு?

வரிக்கும் ஓட்டுக்கும் முடிச்சுப் போட்டால் முதலில் அடிபடுவது உள்ளூர் ஏழைதான். அமெரிக்கத் தென் மாநிலங்களில் தலைவரி கட்டினால்தான் ஓட்டு என்று வைத்திருந்தார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழிக்க 1964-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. இந்த வாதத்தை விட்டுவிடுவோம்.

நான் வெளியேறி 20 வருடம் ஆகிறது. அங்கே என்ன நடக்கிறது என்றே சரியாகத் தெரியாது. நான் ஓட்டுப் போடுவது நியாயமா?

மனசாட்சியோடு கேட்கிறீர்கள். ஜெர்மனியில், 14 வயதுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று மாதமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அதுவும் கடந்த 25 வருடத்துக்குள் என்பது பொது விதி. பிரிட்டனில் 15 வருட வரம்பு இருந்தது, 2024-இல் எடுத்துவிட்டார்கள். கனடாவின் ஐந்து வருட வரம்பு செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஆக, போக்கு தளர்த்தும் பக்கம்தான். எனக்கு வருடக் கணக்கில் பெரிய நம்பிக்கை இல்லை. பெற்றோரை அங்கே விட்டுவிட்டு வந்தவருக்கு 20 வருடம் கழித்தும் அந்த நாட்டு மருத்துவமனையின் நிலை சொந்தக் கவலைதானே.

வெளியே இருப்பவர்கள் சேர்ந்து முடிவையே மாற்றிவிட்டால்?

மாற்றியிருக்கிறார்கள். 2009 ருமேனிய அதிபர் தேர்தலில் உள்நாட்டு ஓட்டில் பின்தங்கியிருந்த அப்போதைய அதிபர் பசெஸ்குவைக் கரை சேர்த்தது வெளிநாட்டு ஓட்டு. 2006-இல் இத்தாலியின் மேலவையான செனட்டில் புரோடி தலைமையிலான கூட்டணிக்குப் பெரும்பான்மை கிடைத்ததே வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென ஒதுக்கிய தொகுதிகளால்தான். விளைவை அனுபவிக்கப் போகிறவர்கள் உள்ளே, தீர்மானிப்பவர்கள் வெளியே என்ற மனக்குறை எழத்தான் செய்யும்.

அதற்காக உரிமையைப் பறிக்க வேண்டாம், எடையைக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது என் நிலைப்பாடு. 2012 முதல் பிரான்சின் தேசிய சபையில் 577 இடங்களில் 11 வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு. அவர்கள் குரல் சபைக்குள் கேட்கும், ஆனால் உள்ளூர்த் தொகுதி ஒன்றைக் கவிழ்க்காது. இத்தாலியின் ஏற்பாடும் இந்த வகைதான். இழுபறி வந்தால் 11 இடமும் ஆட்டம் காட்டும் என்பீர்கள். சரி, காட்டட்டும், எந்த 11 இடத்துக்கும் அந்தப் பலம் உண்டு. அதிபர் தேர்தலில் மட்டும் இந்த வித்தை பலிக்காது, அங்கே எல்லா ஓட்டும் ஒரே பெட்டிக்குத்தான் போகும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?

முடியாது. 2010 சட்டத் திருத்தத்தின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு அந்தச் சாவடிக்கே நேரில் போக வேண்டும். பதிலாள் மூலம் ஓட்டளிக்க வழிசெய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. விமான டிக்கெட் வாங்க முடிந்தவருக்கு மட்டும் உரிமை என்றால் அது பாதி உரிமைதான்.

தபால் ஓட்டை, ஆன்லைன் ஓட்டை நம்பலாமா?

தபாலில் வழக்கமாக இரண்டு உறை இருக்கும். உள் உறையில் பெயரில்லாத ஓட்டுச் சீட்டு, வெளி உறையில் உங்கள் விவரம். விவரத்தைச் சரிபார்த்த பிறகு உள் உறையைத் தனியே பிரித்துவிடுவார்கள். எண்ணும்போது எது யாருடையது என்று தெரியாது. தாமதம்தான் தலைவலி. பக்கத்தில் நின்று யாராவது மிரட்டினால் என்ன செய்வது என்பதற்கு, 2005 முதல் இணைய ஓட்டு நடத்தும் எஸ்டோனியா ஒரு வழி கண்டது: திரும்பத் திரும்பப் போடலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு.

தூதரகத்தில் சாவடி வைத்தால் போதாதா?

எத்தனை வைக்கிறார்கள் என்று பாருங்கள். 2014 ருமேனியத் தேர்தலில் பாரிஸ் தூதரக வாசலில் மணிக்கணக்கில் வரிசை. நேரம் முடிந்ததும் கதவைச் சாத்த, நின்றிருந்த பலர் ஓட்டுப் போடாமலே திரும்பினார்கள். அந்தக் குளறுபடியில் ஒரே மாதத்தில் இரண்டு வெளியுறவு அமைச்சர்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள்.