மாட்டு உண்ணி மருந்தைப் பூனைக்கு அடிக்கலாமா?

கேள்வி: ஐயா வணக்கம். கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறேன், இரண்டு பசு இருக்கிறது. விதைக்கிழங்கு அடுக்கி வைத்திருக்கும் காம்பராவுக்கு எலி வராமல் இருக்க மூன்று பூனை வளர்க்கிறோம். அதில் ஒன்று குட்டி போட்டு ஐந்து கிழமை ஆகிறது. இப்போது எல்லாப் பூனையும் ஓயாமல் சொறிகிறது, தெள்ளு துள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது, பெரிய பூனையின் காதோரம் உண்ணியும் இருக்கிறது. குட்டிகள் சோர்ந்து கிடக்கின்றன. பிள்ளைகளின் கணுக்காலில் எல்லாம் கடி. மாட்டுக்கு அடித்த உண்ணி மருந்து கொஞ்சம் மிச்சம் உண்டு, தண்ணீர் கூட்டி பூனைக்கு அடிக்கலாமா? இல்லாவிட்டால் மரக்கறிக்கு அடிக்கும் இமிடாக்ளோபிரிட் சரி வருமா? பின்னேரத்தில் நுளம்பும் தொல்லை, கொயில் கொளுத்தித்தான் படுக்கிறோம்.

பதில்: தம்பி, அடிக்கவே கூடாது. பத்து மடங்கு தண்ணீர் கூட்டினாலும் கூடாது, துணியில் நனைத்துத் துடைப்பதும் கூடாது. அந்தப் போத்தலை மூடி உயரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

மாட்டு உண்ணி மருந்துகளில் பொதுவாக இருப்பது அமிட்ராஸ், இல்லாவிட்டால் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரியான பைரெத்ராய்டு சரக்கு. நாய்க்கு விற்கிற பல தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் இதே குடும்பம்தான். மாடும் நாயும் இதைத் தாங்கிக்கொள்ளும், பூனை தாங்காது. இந்த வகை நஞ்சை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது, போதாததற்குப் பூனை நாள் முழுக்க உடம்பை நக்குகிற பிராணி, தோலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். சில மணித்தியாலத்தில் காது துடிக்கும், எச்சில் வடியும், நடை தள்ளாடும், அப்புறம் உடம்பு முழுக்க நடுங்கி வலிப்பு வரும். பல பூனைகள் இப்படித்தான் சாகின்றன, அதுவும் அன்போடு வளர்த்தவர் கையாலேயே. ஏற்கனவே யாராவது பூசியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் போட்டுக் கழுவி, துவட்டி, துணியில் சுற்றி, மருந்துப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு நேரே கால்நடை வைத்தியரிடம் போங்கள். வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

இமிடாக்ளோபிரிட் பற்றிக் கேட்டது நல்லது, ஏனென்றால் அந்தப் பெயர் பூனைக்கென்று விற்கும் சில தெள்ளு மருந்துகளிலும் இருக்கிறது. ஃபிப்ரோனிலும் அப்படித்தான், வயலிலும் அடிக்கிறார்கள், பூனைக் கழுத்திலும் விடுகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. அளவு வேறு, கரைத்து வைத்திருக்கும் திரவம் வேறு, தோலில் படலாம், நக்கினால் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று பூனையில் பார்த்துச் செய்தது அல்ல உங்கள் பயிர் மருந்து. டாங்கியில் ஊற்றும் எதையும் பூனை மேல் விடாதீர்கள்.

இப்போது அவசரமான விஷயம், குட்டிகள். சோர்ந்து கிடக்கின்றன என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு குட்டியைத் தூக்கி, மேலுதட்டை விரலால் மெல்ல உயர்த்தி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நேரம் இருக்கிறது. வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தால் தெள்ளு இரத்தத்தை உறிஞ்சிச் சோகை பிடித்துவிட்டது, அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். அரை கிலோகூட இல்லாத உடம்பில் நூறு தெள்ளு ஏறினால் என்ன மிஞ்சும்? தெள்ளால் குட்டி சாகுமா என்று பலர் கேட்கிறார்கள். சாகும்.

ஐந்து கிழமைக் குட்டிக்குக் கழுத்தில் விடும் மருந்து பெரும்பாலும் ஆகாது. ஃபிப்ரோனில் சொட்டு மருந்துக்கு எட்டுக் கிழமையாவது ஆக வேண்டும், செலமெக்டினுக்கு ஆறு. அதுவரை சீப்புத்தான் கை கொடுக்கும். பேன் சீப்பு வாங்குங்கள், பல் நெருக்கமானது. பக்கத்தில் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் வையுங்கள். கழுத்து, வால் அடி, தொடை இடுக்கு என்று தோலைத் தொட்டு வாரினால் சீப்பில் தெள்ளும் கறுப்புப் பொடியும் சேரும், உடனே கோப்பையில் முக்குங்கள், நகத்தால் நசுக்கப் போனால் துள்ளிப் போய்விடும். அந்தக் கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள், சுற்றிச் செந்நிறம் ஊறினால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம், உங்கள் குட்டி இழந்த இரத்தம்.

குளிப்பாட்டுவதானால் நடுப்பகலில், வெதுவெதுத் தண்ணீரில், குழந்தைச் சவர்க்காரம் போட்டு ஒவ்வொன்றாக. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போடுங்கள், இல்லாவிட்டால் உடம்பு நனைந்த உடனே தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். உங்கள் ஊர்க் குளிர் குட்டிக்கு ஆகாது, துவாயால் நன்றாகத் துவட்டி அடுப்படிச் சூட்டில் முழுதும் காய்ந்த பிறகே தாயிடம் விடுங்கள். சோர்ந்த குட்டியைக் குளிப்பாட்டவே வேண்டாம், சீப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாய்ப்பூனைக்கும் மற்ற இரண்டுக்கும் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து வாங்க வேண்டும். தாய் பால் கொடுக்கிறது என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பால் கொடுக்கும் பூனைக்குச் செலமெக்டின் கொடுக்கலாம், எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பூனையின் நிறையும் தெரிந்திருக்க வேண்டும், கிழங்கு நிறுக்கும் தராசில் ஒரு பையில் வைத்து நிறுத்தாலே போதும். மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கித் தோலில் விடுங்கள். காயும்வரை பூனைகளைத் தனித்தனியே வையுங்கள், ஒன்றை ஒன்று நக்கக்கூடாது. நாய்க்கு வாங்கிய குழாயைப் பாதி பாதியாகப் பிரித்து விடும் வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, பூனைக்கு மருந்து விட்டாயிற்று, ஆனால் வேலை அதோடு முடியாது. வளர்ந்த தெள்ளுத்தான் பூனை மேல் இருக்கும், அது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து என்கிற அளவுதான், மற்றதெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் உங்கள் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும், முட்டை மயிரில் ஒட்டாது, பூனை படுத்து எழும்பிய இடத்தில் உதிரும். புழு வெளிச்சம் பிடிக்காமல் சீமெந்து வெடிப்பு, பலகைச் சந்து, சாக்கின் அடி என்று இறங்கி, உதிர்ந்து கிடக்கும் தெள்ளு எச்சத்தைத் தின்று வளரும். களைக்கு மருந்து அடித்தாலும் மண்ணில் விழுந்த விதை அடுத்த மழைக்கு முளைக்குமே, அதே கதைதான்.

சனவரியில் உறைபனி விழும்போது தெள்ளு செத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். வெளியே புல்லில் கிடப்பது சாகலாம், ஆனால் தெள்ளு இருப்பது அடுப்பெரியும் வீட்டுக்குள். சூடும் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து தெள்ளாக மூன்று நான்கு கிழமை போதும், குளிரானால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருந்து, யாராவது நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே குதிக்கும். கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்த காம்பராவுக்குள் போனதும் காலெல்லாம் கடிபடுவது இதனால்தான்.

ஆகவே தினமும் கூட்டுங்கள், சும்மா நடுத்தரையை அல்ல, கட்டிலுக்கு அடி, சுவரோரம், வெடிப்பு. கூட்டிய குப்பையை அடுப்பில் போடுங்கள். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள், நன்றாகக் காய்ந்த வறட்சிதான் தெள்ளு முட்டைக்கும் புழுவுக்கும் எமன். வெயில் வராத நாளில் அடுப்புக்கு மேலே காயட்டும். சீமெந்து வெடிப்பை அடைத்துவிட்டால் இன்னும் நல்லது. விதைக்கிழங்குக் காம்பராவில் வெறும் சாக்குகளை வெளியே எடுத்து உதறி வெயில் காட்டுங்கள், கிழங்கு இருக்கும் சாக்கை நனைக்கவும் வேண்டாம், தெள்ளுக்கென்று அங்கே பூச்சிமருந்து அடிக்கவும் வேண்டாம். பூனைக்கு அந்தக் காம்பராவில் ஒரே ஒரு படுக்கைப் பெட்டி வையுங்கள், எங்கே படுக்கிறது என்று தெரிந்தால் எங்கே சுத்தம் செய்வது என்றும் தெரியும்.

மருந்து விட்டு இரண்டு மூன்று கிழமையில் மறுபடி தெள்ளு தெரியும். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவை கூட்டுக்குள் இருந்து இப்போது வெளிவந்தவை, கூட்டுக்குள் மருந்து போகாது. மாதத்துக்கு ஒரு தடவை என்று மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். நீங்கள் லயத்தில் இருப்பவரானால் இன்னொன்றும் உண்டு. ஒரே கூரை, ஒரே இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பரா நாயும் பூனையும் இங்கேயும் உங்கள் பூனை அங்கேயும் படுக்கும்போது ஒரு வீடு மட்டும் மருந்து போட்டு மீள முடியாது. பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள், ஒரே கிழமையில் எல்லாரும் செய்யுங்கள். நாய்க்கு நாய் மருந்து போட்டால், காயும்வரை பூனை அதன் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனையின் வாலடியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அது நாடாப்புழுத் துண்டு, தெள்ளை விழுங்குவதால் வருவது. அதற்குப் பிராசிகுவான்டெல் சேர்ந்த குடற்புழு மருந்து வேண்டும், சாதாரண வட்டப்புழு மருந்து வேலை செய்யாது.

உண்ணிக்கு வருவோம். காதோரம் இருப்பதை மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேரே, ஒரே சீராக இழுங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம், துன்பப்படுத்தினால் உண்ணி வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கும், நோய் இருந்தால் அது உள்ளே போகும். எடுத்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். பெரும்பாலும் இந்த உண்ணி மாட்டுப்பட்டியைச் சுற்றி உள்ள புல்லிலிருந்து வருகிறது, பட்டியைச் சுற்றி ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குப் புல்லை வெட்டி வெறுந்தரையாக வையுங்கள். பசுவுக்கு உண்ணி மருந்து அடிக்கிற அன்று பூனைகளை வீட்டுக்குள் அடையுங்கள். குளிர் நாட்களில் பசுவின் சூட்டுக்காகப் பூனை ஒட்டிப் படுக்கும், ஈரம் காயாத மாட்டுத்தோலில் உரசினாலே போதும் நஞ்சு ஏற. மருந்து சொட்டிய தரையையும் கழுவி விடுங்கள்.

மலைநாட்டில் உண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் உடம்பில் சிவந்த புள்ளியும் வந்தால், பட்டியில் வேலை செய்கிறேன், உண்ணி கடித்தது என்று டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை இருக்காதீர்கள். தெள்ளாலும் மனிதருக்குக் காய்ச்சல் வருவதுண்டு, அதனால் பிள்ளைகள் காலைச் சொறிந்து புண்ணாக்காமல் பாருங்கள்.

நுளம்பு உங்கள் ஊர் உயரத்தில் கண்டியைப் போல் அதிகம் இல்லை, ஆனாலும் பூனையின் மூக்கு நுனியிலும் காது மடலிலும் கடித்துச் சிலவற்றுக்குப் புண்ணாகும். இலங்கையில் நாய்களில் நிறையக் காணப்படும் தோலடிப் புழு ஒன்றும் நுளம்பால்தான் பரவுகிறது, பூனைக்கும் வரும், மனிதருக்கும் வரும். தோலுக்கு அடியில் கட்டி தெரிந்தால் காட்டுங்கள். கதவு சாத்திய காம்பராவில் கொயில் புகை குட்டிக்கும் ஆகாது, பிள்ளைகளின் நெஞ்சுக்கும் ஆகாது. வலையைக் கட்டி, குட்டிப் பெட்டியையும் வலைக்குள் வையுங்கள். நாம் பூசும் நுளம்புக் களிம்பைப் பூனைக்குப் பூசாதீர்கள். தோட்டத்துப் பீப்பாய், டயர், பொலிதீன் மடிப்பில் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டிவிட்டாலே பாதித் தொல்லை குறையும்.

கைவைத்தியம் என்று சொல்லுவார்கள். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், அந்துருண்டை, சிட்ரனெல்லா எண்ணெய், மண்ணெண்ணெய், இவை எல்லாமே பூனைக்கு நஞ்சு. உள்ளிச் சாறும் அப்படித்தான், இரத்த அணுவை உடைக்கும், ஏற்கனவே சோகை பிடித்த குட்டிக்கு அதைவிடக் கெட்டது இல்லை.

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு எப்படியும் மாட்டு விஷயமாகப் போவீர்கள், அப்போது பூனையையும் கூடையில் கொண்டு போங்கள், விசர்நாய்த் தடுப்பூசி பூனைக்கும் வேண்டும், எப்போது எங்கே போடுகிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள். நிலைமை மோசமான குட்டி என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது, தூரம்தான், ஆனால் இரத்தப் பரிசோதனை வசதி உண்டு. வீட்டில் மிச்சம் இருக்கும் அந்த மாட்டு மருந்தின் லேபலைப் படம் எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள், பசுவுக்கு அடுத்த தடவை எப்போது அடிப்பது, அடித்த பிறகு எத்தனை நாள் பால் கொடுக்கக்கூடாது என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளலாம்.