1776 சிசி பீட்டிலுக்கு எந்த இரட்டைக் குழல் சைலன்சர் சரியாக வரும்?

கேள்வி இதுதான்: 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1776 சிசியாக மாற்றிய எஞ்சின், இரண்டு கார்புரேட்டர், வண்டி ஓடுவது மதுரையில். பின்னால் இரண்டு குழல் தெரிய வேண்டும், சத்தமும் கொஞ்சம் கனமாக வேண்டும், எதை வாங்கலாம்?

குழல் இரண்டா ஒன்றா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காற்றில் குளிரும் எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சைலன்சரை மாட்டிய பிறகு சூடு எங்கே போகிறது என்பதைத்தான். அதைப் பார்க்காமல் வாங்கினால், கத்திரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் சிலவற்றை ஊகித்துக்கொள்கிறேன். 90.5 மில்லி பிஸ்டன், பழைய 69 மில்லி ஸ்ட்ரோக் கிராங்க், ஹெட் (வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடி) பெரும்பாலும் கம்பெனி ஹெட், அதாவது 35.5 இன்லெட், 32 எக்ஸாஸ்ட் வால்வு. எக்ஸாஸ்ட் சூட்டில் காருக்குள் வெப்பக் காற்று அனுப்பும் ஹீட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் ஜே பைப் என்ற வெறும் வளைகுழாய் போட்டிருப்பீர்கள் அல்லது போடப்போகிறீர்கள். பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் நான் சொல்லும் அளவுகளைப் பார்த்துச் சண்டைக்கு வரலாம். அவர்கள் எஞ்சின் வேறு, தேவை வேறு. தெருவில் ஓடும் வண்டிக்குத்தான் இந்தப் பதில்.

கடையில் 'இரட்டைக் குழல்' என்று ஒரே பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள். முதல் வகை கம்பெனி வடிவம்: குறுக்கே படுத்த ஒரே உருளை, அதிலிருந்து மெல்லிய இரண்டு வால் குழல். 1600 சிசி வரை இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, 1776-க்கு மேல் வேகத்தில் மூச்சு முட்டும். இரண்டாவது, ஹெட்டிலிருந்து புகையைக் கொண்டுவரும் நான்கு வளைகுழாயும், அதாவது பெண்ட் பைப்பும், ஒரே வாயில் கூடி, ஒரே சைலன்சருக்குள் போய், முடிவில் இரண்டு முனையாகப் பிரிவது. இதில் இரண்டு முனை என்பது பார்வைக்கு மட்டும்தான், ஆனால் எஞ்சினுக்கு நல்லது. அதே ஒற்றை வாயில் கவட்டை வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள உருளை மாட்டுவதும் இந்த வகையில்தான் சேரும். மூன்றாவது, வலப்பக்க இரண்டு சிலிண்டருக்கு ஒரு சைலன்சர், இடப்பக்க இரண்டுக்குத் தனியாக இன்னொன்று. 'உண்மையான டூயல் இதுதான்' என்று பெருமையாகச் சொல்லி விற்பது இதைத்தான். இதை வாங்காதீர்கள்.

காரணம் ஃபயரிங் ஆர்டரில், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையில் இருக்கிறது. பீட்டிலில் 1-4-3-2. வலப்பக்கம் 1, 2, இடப்பக்கம் 3, 4. இரண்டாம் சிலிண்டர் வெடித்த கையோடு, கிராங்க் 180 டிகிரி திரும்பியதும் முதலாவது வெடிக்கிறது. அதன் பிறகு 540 டிகிரிக்கு அந்தப் பக்கம் அமைதி. இடப்பக்கமும் அப்படித்தான், 4 முடிந்ததும் 3. முதலாவதன் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து அழுத்தம் பாயும் நேரத்தில், இரண்டாவது தன் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் கடைசியில், இரண்டு வால்வும் லேசாகத் திறந்த நிலையில் இருக்கிறது. ஒரே குழாயில் இருப்பதால் எரிந்த புகை திரும்பி அதற்குள் தள்ளப்படும். இழுவை குறையும், ஐட்லிங் தடுமாறும், சத்தமும் 'டபடப' என்று நொண்டும். பக்கத்துக்கு ஒரு குழல்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றால், 1-ஐயும் 3-ஐயும் ஒன்றாகவும் 2-ஐயும் 4-ஐயும் ஒன்றாகவும் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்போது 360 டிகிரி இடைவெளி சீராகக் கிடைக்கும். நான்கும் ஒன்றாகக் கூடும் வாயிலும் குழாய்கள் 1-4-3-2 என்று சுற்று வரிசையில் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவுச் சரக்கில் கைக்கு வந்தபடி அடுக்கியிருப்பார்கள்.

பெண்ட் பைப்பின் குறுக்களவு: கம்பெனி வால்வு உள்ள 1776-க்கு ஒரு இஞ்ச் மூணு நூல், அதாவது 35 மில்லி, போதும். பெரிய வால்வு, வால்வைக் கொஞ்சம் அதிகம் திறக்கும் கேம் இருந்தால் ஒன்றரை இஞ்ச். ஒரு இஞ்ச் அஞ்சு நூல் இரண்டு லிட்டரைத் தாண்டிய எஞ்சினுக்கு. பெரிய குழாய் போட்டால் பவர் கூடும் என்று நம்பி அதை வாங்கினால், 2000 முதல் 3000 ஆர்பிஎம் வரை, ஊருக்குள் உங்களுக்கு வேண்டிய அந்த இடத்தில், இழுவை செத்துவிடும்.

இப்போது தகடு. இந்த எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகள் அழகுக்கு இல்லை. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள வெட்டுகள் வழியாக ஃபேன் வெளிக்காற்றை இழுக்கிறது, சிலிண்டர் வழியாகக் கீழே தள்ளுகிறது. சைலன்சர் இருப்பது கீழே, சூடான பக்கத்தில். மேலே குளிர், கீழே சூடு என்று இரண்டையும் பிரிப்பது அந்தத் தகடும் ஓரத்து ரப்பரும்தான். சைலன்சர் இடிக்கிறது என்று பின் தகட்டைக் கத்தரித்து எறியும் பட்டறைகள் நம் ஊரில் உண்டு. எறிந்தால் என்ன ஆகும்? குழாயில் பட்டுக் கொதிக்கும் காற்றை ஃபேன் திரும்ப இழுத்து எஞ்சினுக்கே ஊட்டும். வெளியில் 40 டிகிரி இருக்கும் நாளில் எஞ்சின் உறிஞ்சுவது அதைவிட மிகச் சூடான காற்றாகிவிடும். ஆகவே பின் தகடு முழுசாக இருக்கும்போதே மாட்ட முடிகிற சைலன்சர் மட்டுமே உங்களுக்கான சைலன்சர்.

ஹீட்டர் பெட்டியைக் கழற்றினால் நான்கு ஓட்டையை அடைக்க வேண்டும். ஃபேன் கூட்டில் ஹீட்டருக்குக் காற்று அனுப்பும் வாய் இரண்டு, பின் தகட்டில் அந்த ஹோஸ் இறங்கும் ஓட்டை இரண்டு. கூட்டு வாய் திறந்திருந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாக வெளியேறும், தகட்டு ஓட்டை திறந்திருந்தால் கீழ்ச் சூடு மேலே ஏறும். ஒரு மில்லித் தகடும் நான்கு ஸ்க்ரூவும் போதும், துணி வைத்து அடைக்காதீர்கள். 1968 வண்டியில் பழைய ஃபேன் கூடு அப்படியே இருந்தால் ஆயில் கூலர் கூட்டுக்குள் மூன்றாம் சிலிண்டரின் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். 1971 மாடல் முதல் வந்த அமைப்பில் அதைத் தனி அறைக்குத் தள்ளியிருக்கிறார்கள். 1776-க்கு அந்த மாற்றம் சைலன்சரைவிட முக்கியம்.

அடுத்து இடைவெளி. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், பாடி ஆடாது. குழலுக்கும் பின் ஏப்ரன் என்கிற பம்பரடித் தகட்டுக்கும் பம்பருக்கும் நடுவே குறைந்தது 20 மில்லி விடுங்கள். சைலன்சரின் எடை எஞ்சினில் மட்டுமே தொங்க வேண்டும். பம்பர் பிராக்கெட்டில் ஒரு பட்டை வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் பெண்ட் பைப் கழுத்தில் விரிசல் விடும். தாழ்வாகத் தொங்குவதையும் கவனியுங்கள். விதிப்படி கட்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நத்தம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் அந்த அளவில் ஒன்றும் கிடையாது. பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, தரைக்கும் உருளைக்கும் நடுவே 13 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மனமில்லை, கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் நல்ல வழிதான். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 1.5 மில்லி சுவர், 308எல் கம்பியில் டிக் வெல்டிங், குழாய்க்குள் ஆர்கான் விட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஹெட்டில் உட்காரும் ஃப்ளாஞ்ச் 8 மில்லிக்குக் குறையக் கூடாது, மெலிந்தால் வளைந்து புகை கசியும். துளைக்குக் கேஸ்கட்டையே அச்சாக வையுங்கள். எல்லாவற்றையும் எஞ்சினில் பூட்டி, டேக் (புள்ளி வெல்டு) அடித்து, பூட்டிய நிலையில் கூடியவரை முழு வெல்டும் முடிக்க வேண்டும். மேஜையில் வைத்து வெல்டு அடித்தால் இழுத்துக்கொண்டு ஸ்டட்டில் ஏறாது. ஸ்டெயின்லெஸ் இரும்பைவிட அதிகம் விரியும். அரை மீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினால் இரும்பு இரண்டரை மில்லி, ஸ்டெயின்லெஸ் மூன்றரை மில்லி. அதனால் செருகு மூட்டுகளை வெல்டு அடித்து ஒன்றாக்கிவிடாதீர்கள். சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லி ஓட்டை ஒன்று போட்டால் தண்ணீர் தேங்காது. சாதா இரும்புக் குழாயில் சூட்டைத் தடுக்கும் நார்ப்பட்டை சுற்றுவது வேண்டாம், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் அரித்துவிடும்.

பூட்டும்போது பழைய ஸ்டட்டை அவசரப்பட்டுத் திருகாதீர்கள். ஹெட் அலுமினியம், மரை கையோடு வந்துவிடும். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். புதுக் கேஸ்கட், செம்பு பூசிய எம்8 நட். ஹெட் ஃப்ளாஞ்ச், செருகு மூட்டு, கடைசியில் சைலன்சர் வாய் எல்லாவற்றையும் விரலால் மட்டும் ஏற்றிக்கொண்டு, பிறகு அதே வரிசையில் இறுக்க வேண்டும். ஹெட்டில் 20 நியூட்டன் மீட்டர், இரண்டு நட்டையும் மாறி மாறி. அங்கே சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம், அந்தச் சூட்டைத் தாங்காது. ஐட்லிங்கில் குழல் வாய்களைத் தடித்த ஈரத் துணியால், தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து விநாடி அடைத்தால் கசியும் இடம் சீறிக் காட்டும்.

புகை தடையில்லாமல் போகத் தொடங்கியதும் பெட்ரோல் போதாமல் போகும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி ஏற்றுங்கள், வெபர் 40 ஐடிஎஃப் கார்புரேட்டர் என்றால் 120-லிருந்து 125, பிறகு 130. இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இதற்குச் சுமார் 13.5. அதாவது ஜெட்டைத் தொடாமலே உங்கள் எஞ்சின் சுமார் எட்டு சதவீதம் பெட்ரோல் குறைந்து, வறண்டு ஓடுகிறது. இந்தப் பழைய வண்டிக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. அதைவிடக் கொடுமை ஹோஸ். 'பெட்ரோல் ஹோஸ்' என்று சொல்லி, மேலே எந்த எழுத்தும் இல்லாத கறுப்பு ரப்பரை விற்கிறார்கள். எத்தனாலில் அது வெடித்துக் கசியும். பீட்டிலில் கசிவது பற்றவைப்புக்குப் பக்கத்தில். வண்டி எரிந்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும் வாங்குங்கள், ஃபில்டரை எஞ்சின் அறையில் தொங்கவிடாதீர்கள்.

வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவில், எஞ்சினில் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். 1776-ஐ வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிப்பது சிக்கல். சாதாரணப் பதிவிலும் சத்தம் வரம்பு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கழற்றி எடுக்கிற கம்பெனி சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சுருக்கமாக உங்கள் வண்டிக்கு: 35 மில்லி பெண்ட் பைப், நான்கும் ஒன்றாகக் கூடும் வாய், அதன்பின் இரண்டு முனை கொண்ட ஒரே சைலன்சர். கண்ணாடி நார் அடைத்த உருளை முதலில் இனிமையாக இருக்கும், நார் எரிந்து பறந்ததும் 3000 ஆர்பிஎம்மில் காதுக்குள் ரீங்கரிக்கும், அதனால் தடுப்புத் தகடு வைத்த வகையாகப் பாருங்கள். மாட்டி 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். அன்றைக்கே டேப்பெட்டையும், அதாவது வால்வு இடைவெளியையும், 0.15 மில்லியில் வைத்துவிடுங்கள்.