மூச்சு முட்டாமலே மயக்கம் வருமா? சிப்பிக்கு முங்குபவரின் கேள்வி

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. கடியபட்டணம் பக்கம் கடலில் முங்கிப் பாறையில் சிப்பி எடுக்கிறேன். ஆழம் நாலைந்து பாகம், அதாவது ஏழு முதல் ஒன்பது மீட்டர் இருக்கும். முங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் உள்ளே அதிக நேரம் நிற்கலாம் என்று மாமா சொல்லித் தந்தார். நிற்கவும் முடிகிறது. ஆனால் அப்போது விரல் நுனியெல்லாம் மரத்து, தலை லேசாகச் சுற்றுகிறது. போன வாரம் மேலே வரும்போது ஒரு நொடி கண் இருட்டிவிட்டது. மூச்சை அடக்கி அடக்கி நுரையீரல் கெட்டுவிடுமா?

பதில்: தம்பி, உங்கள் வயதில் ஆரோக்கியமான ஒருவர் ஒரு நிமிடம் மூச்சை அடக்குவதால் மட்டும் நுரையீரல் கெடாது. என் கவலையெல்லாம் கண் இருட்டிய அந்த ஒரு நொடியைப் பற்றித்தான். வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு முங்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். காரணத்தையும் சொல்கிறேன், மாமாவிடமும் சொல்லுங்கள்.

நாம் இழுக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அது மூச்சுக்குழாய் வழியாக இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜன் ரத்தத்துக்குள் ஏறும், உடம்பில் உண்டான கரியமில வாயு காற்றுக்குள் வெளியேறும். சாதாரணமாக மூச்சு விட்டாலே ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. அதனால் முப்பது தடவை இழுத்தாலும் புதிதாக ஏறுகிற ஆக்சிஜன் மிகக் கொஞ்சம்.

அப்படியானால் அதிக நேரம் நிற்க முடிவது எப்படி? மூச்சு முட்டுகிற உணர்வை முக்கியமாகத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான். மூளையின் அடியில் இருக்கும் முகுளம் அதைக் கண்காணித்து, கூடியதும் 'மூச்சு விடு' என்று, நுரையீரலுக்கு அடியில் உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை உதைக்க வைக்கிறது. அடியில் நிற்கும்போது வயிறு துடிக்குமே, அதுதான் இது. வேகமாக மூச்சு விடும்போது நீங்கள் கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியே தள்ளிவிடுகிறீர்கள். விரல் மரப்பது அதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. கரியமில வாயு மறுபடி ஏற நேரம் பிடிக்கும், அதுவரை மூச்சு முட்டாது. ஆனால் ஆக்சிஜன் பாட்டுக்குக் குறைந்துகொண்டே இருக்கும். வீட்டில் தீப்பிடித்தால் எச்சரிக்கும் புகை மணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது இது.

நெஞ்சு நிறைய இழுத்த காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவாகும். நீந்திப் போய்ப் பாறையில் சிப்பியைப் பெயர்த்தால் பல மடங்கு செலவாகும்.

இன்னொரு ஆபத்து மேலே ஏறும்போது. ஐந்து பாகம், அதாவது சுமார் 9 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த அழுத்தத்தில், மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் ரத்தத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் மேலே வர வர அழுத்தம் குறையும், அந்தத் தள்ளுவிசையும் சட்டென விழும். அதனால்தான் அடியில் நன்றாக இருந்தவர், தண்ணீர் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கிவிடுகிறார். மூச்சு முட்டியிருக்காது, திணறியிருக்க மாட்டார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள். உங்களுக்குக் கண் இருட்டியது இதன் முதல் படியாக இருக்கலாம்.

சரி, தொழிலை விட்டுவிட முடியாது. முங்குவதற்கு முன் மெதுவாக, இயல்பாக மூச்சு விட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை நிறைய இழுத்துக்கொண்டு போங்கள். வயிறு துடிக்க ஆரம்பித்தால் கையில் இருப்பதோடு மேலே வந்துவிடுங்கள். உள்ளே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே இளைப்பாறுங்கள். தனியாக முங்கவே கூடாது. ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும், அவர் தலை வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மேலே வந்த பிறகும் மயக்கம் வருவதுண்டு.

யாராவது மயங்கினால் உடனே முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்குங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை. பிறகும் அசைவில்லை என்றால் மார்பை அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சளி, மூக்கடைப்பு இருக்கும் நாளில் காதுக்காகவாவது கரையில் இருங்கள்.

அடுத்த தடவை முங்குவதற்கு முன், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து மருத்துவரிடமோ ஒருமுறை காட்டி, ஹீமோகுளோபின் அளவும் ஈசிஜியும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தசோகையாலும் இதயத் துடிப்புக் கோளாறாலும்கூடக் கண் இருட்டலாம். முங்கி எழுந்த பிறகு இருமலில் ரத்தம் வந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.