இன்ட்ராநெட் மெனுவைத் துறைவாரியாகப் பிரிக்கலாமா?

600 பேர் வேலை செய்யும் நிறுவனம், மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் மென்பொருளில் புது இன்ட்ராநெட் (ஊழியர்களுக்கு மட்டுமான உள் இணையதளம்) வரப்போகிறது, ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், ஐ.டி., அட்மின் என்று மெனுவைப் பிரிக்க மேலிடம் சொல்கிறது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. முதல் நாள் எல்லோருக்கும் திருப்தியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் மேலே ஒரு பட்டன் கிடைத்துவிடும், பஞ்சாயத்தும் முடிந்துவிடும். ஆனால் பயன்படுத்தப்போகிறவர் துறையைத் தேடி வருவதில்லை, காரியத்தைத் தேடி வருகிறார். வெளியூர் கிளம்பும் சேல்ஸ் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கிரேடுக்கு எவ்வளவு படி என்ற விதி ஹெச்.ஆரிடம், டிக்கெட் போடுவது அட்மின், அட்வான்ஸும் கிளெய்மும் ஃபைனான்ஸ், போகிற இடத்திலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர உதவும் வி.பி.என். வேலை செய்யாவிட்டால் ஐ.டி. ஒரே டூருக்கு நாலு வாசல். அவர் என்ன செய்வார்? பக்கத்து சீட்டில் கேட்பார். உங்கள் இன்ட்ராநெட்டுக்கு உண்மையான போட்டி அந்தப் பக்கத்து சீட்டுதான்.

அது போக, துறைகள் நிலையாக இருப்பதில்லை. அட்மின் இன்று ஹெச்.ஆருக்குக் கீழே இருக்கும், அடுத்த வருஷம் ஃபைனான்ஸுக்குக் கீழே போகும். ஆர்கனைசேஷன் சார்ட் மாறும்போதெல்லாம் மெனுவையும் பிய்த்துப் போடுவதா? டூர், சம்பளம், லீவ், லேப்டாப் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

மெனுவை வரைவதற்கு முன்னால் ஹெச்.ஆர். மெயில்பாக்ஸையும் ஐ.டி. ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளையும் வாங்குங்கள். கடைசி ஒரு வருஷத்துக்கு வாங்க வேண்டும், ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஏப்ரலில் வரி டிக்ளரேஷன் பற்றிக் கேட்பார்கள், ஜூனில் ஃபார்ம் 16, ஜனவரி பிப்ரவரியில் முதலீட்டு ரசீதுகளை எங்கே ஏற்றுவது என்று. மக்கள் தங்கள் வாயால் எப்படிக் கேட்கிறார்களோ, அந்தச் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘ரீஇம்பர்ஸ்மென்ட் போர்ட்டல்’ என்று எழுதுவது ஃபைனான்ஸ். மற்றவர்கள் ‘பெட்ரோல் கிளெய்ம்’ என்பார்கள். மெனுவில் அவர்கள் சொல்வதுதான் வர வேண்டும்.

அதிலிருந்து நாற்பது, ஐம்பது விஷயங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதி, ஆட்களிடம் கொடுத்து, ‘ஒன்றாகப் போகிறவற்றைச் சேர்த்து வையுங்கள், பிறகு ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள்’ என்று சொல்லுங்கள். இதுதான் கார்டு சார்ட்டிங். எத்தனை பேர் போதும் என்றால், யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2004-ல் 15 பேர் என்று பரிந்துரைத்தார். 600 பேர் கம்பெனிக்கு அது தாராளம். ஆனால் அந்தப் பதினைந்தில் மேனேஜர்கள் மட்டும் இருந்தால் வீண். நைட் ஷிப்ட் ஆள், ஸ்டோர்ஸ், ரிசப்ஷன், போன மாதம் சேர்ந்தவர் எல்லோரும் வேண்டும்.

உட்கார்ந்து பார்க்க இது சுவாரசியமானது. பே ஸ்லிப், பி.எஃப்., வரி, மருத்துவக் காப்பீடு, சம்பள அட்வான்ஸ் எல்லாம் கேள்வியே இல்லாமல் ஒரே குவியலில் விழும். எந்தத் துறை எதைப் பார்க்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஆனால் நைட் ஷிப்ட் கேப் (ஆட்களை ஏற்றிப் போகும் கார்) என்ற அட்டை கையிலேயே நிற்கும். ஒருவர் அதை டூரோடு வைப்பார், ஒருவர் ஷிப்டோடு, ஒருவர் பாதுகாப்போடு. அப்படிக் கையில் நிற்கும் அட்டைகளைத்தான் கவனித்து எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றுக்கு இரண்டு இடத்தில் லிங்க் கொடுங்கள், பக்கம் ஒன்றே இருக்கட்டும். அப்புறம், ‘மற்றவை’ என்ற குவியல் பெரிதாகிக்கொண்டே போனால் உங்கள் தலைப்புகள் சரியில்லை என்று அர்த்தம்.

குவியல்களிலிருந்து மெனு வந்ததும், டிசைன் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக அதைக் காட்டிச் சோதியுங்கள். ட்ரீ டெஸ்டிங் என்பார்கள், எக்செல் ஷீட்டே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: மெனுவில் இருக்கும் வார்த்தையைக் கேள்வியில் போட்டால் அது சோதனையே இல்லை. ‘மருத்துவக் காப்பீடு எங்கே இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள், கவுன்டரில் கார்டு கேட்கிறார்கள், எங்கே போவீர்கள்’ என்று கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் மீட்டிங்கில் யாராவது இரண்டு விதிகளைக் கொண்டுவருவார்கள். மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஒன்று. உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது அது. அவர் பேசியது உடனடி நினைவில் எத்தனை தங்கும் என்பதை. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இன்னொன்று, எதுவும் மூன்று கிளிக்கில் வந்தாக வேண்டும் என்பது. 2003-ல் யூசபிலிட்டி ஆய்வாளர் ஜோஷுவா போர்ட்டர் இதைச் சோதித்துப் பார்த்து, மூன்றாவது கிளிக்கோடு யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று எழுதினார். போகிற வழி சரிதான் என்று தெரிந்தால் நாலாவது கிளிக்குக்கு யாரும் சலித்துக்கொள்வதில்லை. மூன்று கிளிக்குக்குள் அடக்கப்போய் முகப்பில் அறுபது லிங்க்கைக் கொட்டுவதுதான் எரிச்சல்.

ஷேர்பாயின்ட் என்பதால் இன்னும் கொஞ்சம். சைட்டுக்குள் சப்சைட், அதற்குள் இன்னொன்று என்று அடுக்காதீர்கள். தனித்தனி சைட்டுகளாக வைத்து, அவற்றை ஒரே மெனுவின் கீழ் சேர்க்கும் ஹப் சைட்டில் இணையுங்கள். ஒரு சைட்டை ஒரு ஹப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் முகவரி மாறாது, பழைய லிங்க் எல்லாம் வேலை செய்யும். ஹப் மெனுவில் மூன்று நிலைகள் வரை வைக்கலாம், இரண்டோடு நிறுத்துவது என் பழக்கம். மெனு லிங்க்கைக் குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் காட்டும் ஆடியன்ஸ் டார்கெட்டிங் வசதி உண்டு. அது லிங்க்கை மறைக்கும், அவ்வளவுதான். பூட்டு போடுவது பெர்மிஷன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், மெனுவில் தெரியாத சம்பள ஷீட் தேடல் பெட்டியில் வந்து நிற்கும்.

தேடல் நன்றாக இருந்தால் மெனு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ‘லீவ் பாலிசி ஃபைனல்’, ‘லீவ் பாலிசி ஃபைனல் நியூ’, ‘லீவ் பாலிசி ரிவைஸ்டு’ என்று மூன்று ஃபைல் கிடந்தால் தேடல் மூன்றையும்தான் காட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பாளர் யார், கடைசியாக எப்போது சரிபார்த்தார் என்பது தெரிய வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாத பக்கத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

டிக்கெட்டுகளிலும் அட்டைகளிலும் வராத ஒன்றை நீங்களாகவே சேர்க்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு பற்றிய பக்கம். யாரும் அதை ஹெல்ப்டெஸ்க்கில் கேட்கமாட்டார்கள், தேவைப்படுகிறவர் பக்கத்து சீட்டிலும் கேட்கமாட்டார். அதனால் பாலிசி பட்டியலுக்குள் புதைக்காமல் அதற்கான லிங்க்கை எல்லாப் பக்கத்தின் அடியிலும் தெரிகிற மாதிரி வையுங்கள், அந்தப் பக்கத்தில் கமென்ட் பெட்டியை அணைத்துவிடுங்கள். குழு அமைத்த உத்தரவைப் பணியிடத்தில் கண்ணில் படும்படி வைக்கவேண்டும் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டத்தின் 19-வது பிரிவே சொல்கிறது. மெயில் ஐ.டி. இல்லாத தொழிலாளர்களும் உங்களிடம் இருப்பார்கள் என்றால் நோட்டீஸ் போர்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

மேலிடத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? டிக்கெட் பட்டியலையும் ட்ரீ டெஸ்டிங் முடிவையும் காட்டுங்கள், வாதம் செய்யாதீர்கள். துறைகளுக்கு வேலை நடக்கும் டீம் சைட் தனியாக இருக்கும், வரைவுகளெல்லாம் அங்கே, முடிவானது மட்டும் பொது இடத்துக்கு வரும் என்று சொல்லுங்கள். அதற்கும் இறங்கி வராவிட்டால் மெனுவின் கடைசியில் ‘துறைகள்’ என்று ஒரு தலைப்பு வைத்து, யார் யார், எக்ஸ்டென்ஷன் எண் என்ன என்று போடுங்கள். அந்தப் பக்கத்துக்கும் ஆள் வருவார்கள், போன் நம்பர் எடுக்க.